டேப்பக்கா தைத்த குருவிக்கூடு

டயர்க் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருக்கிறது அந்தத் தையல் அறை. கதவைத் திறந்தால் உள்ளே பஞ்சு பறக்கும், கீழேயிருந்து ரப்பர் வாடை ஏறும். முதலாளியம்மாவையும் சேர்த்து மொத்தம் நான்கு பெண்கள். கைக்குழந்தைகளின் அறையில் மாட்டுகிற துணி அலங்காரங்கள்தான் அங்கே தொழில். தொட்டிலுக்கு மேலே சுற்றுகிற மேகம், நிலா, யானை. சுவர் நீளத்துக்குத் தோரணம். குழந்தையின் பெயரை எழுத்தெழுத்தாகத் தைத்துக் கோத்த சரம். யானையின் தும்பிக்கை நுனிவரை பஞ்சு போக வேண்டும். போகாவிட்டால் மூன்றாம் நாள் தும்பிக்கை துவண்டுவிடும், பணத்தைத் திருப்பிக் கேட்டு போன் வரும்.

அந்த அறையில் பதினான்கு வருடமாக உட்கார்ந்திருந்தவள் டேப்பக்கா. கழுத்தில் எப்போதும் அளவு டேப் கிடக்கும் என்பதால் வந்த பெயர். உண்மையில் அவளுக்கு டேப் தேவையே இல்லை. படியேறி வருகிற ஆளை வாசலில் பார்த்ததுமே தோள் பதினாறு, கை இருபத்திரண்டரை என்று சொல்லிவிடுவாள். டயர்க் கடைக்காரர் ஒருமுறை நம்பாமல் சோதித்தார். தள்ளி நின்று ஒரு டயரைக் காட்டினார். சொன்னாள். அளந்தார். அன்றிலிருந்து அவளைக் கண்டால் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார். கண்ணளவு அரை இன்ச் பிசகியதாக ஊரில் ஒருவரும் சொன்னதில்லை.

பிசகியதெல்லாம் வாய்தான். கண் பார்த்ததை வாய் உடனே சொல்லிவிடும், அதுவும் நான்கு பேர் இருக்கும்போது. பட்டன் கண் தைக்கிற குள்ளமான பெண்ணுக்கு ‘பட்டன்’ என்று பெயர் வைத்தது அவள்தான். தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு அட்டை வைத்துத் துணி வெட்டுகிற பெண்ணுக்கு ‘கண்ணாடி’ என்று வைத்ததும் அவள்தான். இருவருடைய இடுப்பளவும் டயர்க் கடைவரை தெரியும். பெண் பார்க்க வந்த மூன்று பேரையும் இப்படித்தான் விரட்டினாள். “கழுத்து பதினேழரை. காலர் பட்டன் போட்டா மூச்சு விட மாட்டார் போல” என்று கடைசியாக வந்தவரிடம் முகத்துக்கு நேராகச் சொன்னாள். பிறகு, தம்பியின் படிப்புக்காகத்தான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று சொல்ல ஆரம்பித்தாள். சொல்லிச் சொல்லி அவளே அதை நம்பிவிட்டாள்.

தம்பியைப் படிக்க வைத்தது என்னவோ நிஜம்தான். அப்பா போனபோது அவளுக்குப் பத்தொன்பது, அவனுக்கு ஒன்பது. தையலில்தான் அவன் வளர்ந்தான், வேலைக்குப் போனான், வீடு கட்டினான். அந்த வீட்டில் அவளுக்கென்று ஓர் அறை. ஜன்னல் கிழக்கே பார்த்திருந்தது. சுவரில் ஒரு தூண் துருத்திக்கொண்டிருந்ததால் கதவுக்கும் தூணுக்கும் நடுவே ஒரு சந்து விழுந்தது. இருபத்திரண்டு இன்ச். அதற்குள் நுழைகிற தையல் மெஷின் மேசைக்காக மூன்று கடை ஏறி இறங்கி, இருபத்தொன்றில் ஒன்று பிடித்தாள். மேசை உள்ளே போய் உட்கார்ந்த அன்று, “இந்தச் சந்து எனக்குன்னே விழுந்திருக்குடா” என்று தம்பியிடம் சொன்னாள்.

தம்பிக்குக் கல்யாணம் பேசியபோது பெண்ணுக்கு உடை தைக்க அளவு எடுக்க வேண்டியிருந்தது. கூடம் நிறைய இரண்டு வீட்டு ஜனங்கள். பெண் எழுந்து நின்றாள். டேப்பக்கா டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்கவேயில்லை.

“இடுப்பு முப்பத்தாறுன்னு எழுதி அனுப்பியிருந்தீங்க. நாப்பத்தி ரெண்டு இருக்கு. எதுக்கும் ஒரு முழுத் துணிக்கட்டாவே எடுத்துடலாம்.”

கூடமே சிரித்தது. பெண்ணும் சிரித்தாள். அவள் ஒரு ஆஸ்பத்திரியில் பதிவேட்டுப் பிரிவில் வேலை பார்ப்பவள். ஒரு முறை எழுதியதை மறக்காத வேலை.

கல்யாணமாகி ஐந்து வருடம் குழந்தை இல்லை. அந்த ஐந்து வருடமும் மாதத்துக்கு ஒரு தடவையாவது தம்பி மனைவியை ஏற இறங்கப் பார்த்து டேப்பக்கா சொல்லியிருக்கிறாள்: “ஏறவே இல்லையே, அப்படியேதானே இருக்கு.” வந்த விருந்தாளிகள் முன்னாலும் சொல்லியிருக்கிறாள். தம்பி மனைவி ஒரு தடவைகூடப் பதில் சொன்னதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவாள். ஆறாம் வருடம் ஏறியது. முதலில் கண்டுபிடித்தவளும் டேப்பக்காதான். “ஒன்றரை இன்ச் கூடியிருக்கு” என்று காலை டீயின்போதே அறிவித்தாள். தம்பி மனைவி தன் தாய்க்குச் சொல்வதற்கு முன்பே தெருவுக்குச் செய்தி போய்விட்டது.

ஏழாம் மாதம் நடக்கும்போதுதான் முதலாளியம்மா ஒரு சீட்டோடு வந்தாள்.

“பெரிய ஆர்டர். முழு ரூமுக்கும். குருவி டிசைன் வேணுமாம். ஒரு மாசத்துல குடுக்கணும். அளவு பூரா சென்டிமீட்டர்ல இருக்கு.”

“சென்டிமீட்டர் ஆஸ்பத்திரிக்காரங்க கணக்குல்ல? துணிக்கு அதெல்லாம் புரியாது” என்றாள் டேப்பக்கா. “கண்ணாடி, நீ வெட்டிக் குடு. நான் தைக்கிறேன்.”

அவளுடைய டேப்பில் சென்டிமீட்டர் பக்கம் எப்போதும் கழுத்தோடு ஒட்டியே கிடக்கும். அந்தப் பக்கம் வியர்வை பட்டு மங்கிப் போயிருந்தது. அளவு எதுவும் கேட்காமல் உட்கார்ந்து தைத்தாள். அவள் வாழ்க்கையில் அளவு கேட்காமல் தைத்த ஒரே வேலை அதுதான்.

முந்நூற்றுப் பத்து சென்டிமீட்டரில் தோரணம். அதில் முப்பத்தொரு குருவி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்க்கிற மாதிரி. நூற்றொன்பது சென்டிமீட்டர் ஜன்னலுக்கு மேலே மேகம் வரிசையாக. சீட்டின் அடியில், ‘56 செ.மீ. மூலை ஒன்று இருக்கிறது, அங்கே ஏதாவது நல்லதாக’ என்று எழுதியிருந்தது. அந்த வரி டேப்பக்காவுக்குப் பிடித்துப்போனது.

“ரசனை உள்ள வீடு. மத்தவங்க மூலையை விட்டுடுவாங்க. அங்க ஒரு குருவிக்கூடு வைப்போம். துணியைக் கயிறா முறுக்கிச் சுத்திச் சுத்தித் தைக்கலாம். உள்ள மூணு முட்டை, ஓரத்துல தாய்க் குருவி.”

பட்டன் தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணாடி எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள்.

“என்னடி, பிடிக்கலையா?”

“இல்லக்கா, நல்லா இருக்கும். அந்த மூலைக்குப் பொருத்தமா இருக்கும்.”

மூன்று வாரம் போனது. குருவிகள் முடிந்தன, மேகம் முடிந்தது. பஞ்சு திணித்த ஒவ்வொன்றின் வாயையும் தைத்து மூடுவதற்கு முன் குண்டூசிகளை எண்ண வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆளுக்கு இருபது குண்டூசி, காந்தத் தட்டில். இருபதும் தட்டில் இருந்தால்தான் மூடலாம். குழந்தை கையில் போகிற பொருள். மற்றவர்கள் மூடிய பொருள்மேல் முதலாளியம்மா ஒரு காந்தக் கட்டையும் ஓட்டிப் பார்ப்பாள். டேப்பக்காவின் பொருளுக்கு மட்டும் ஓட்டுவதில்லை. பதினான்கு வருட மரியாதை அது.

கடைசியாகக் கூடு. அது மூலைக்குள் கச்சிதமாக உட்கார வேண்டுமானால் வளையம் அட்டையில் வெட்டின மாதிரி இருந்தால் போதாது, அளந்துதான் முறுக்க வேண்டும். டேப்பக்கா டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துத் திருப்பினாள். மங்கிய எண்களில் ஐம்பத்தாறைத் தேடி விரலை வைத்தாள். அப்படியே இன்ச் பக்கம் புரட்டினாள்.

இருபத்திரண்டு.

சிரித்தாள்கூட. “அட, நம்ம வீட்டுச் சந்து மாதிரியே” என்று வாய் பாதி சொல்லிவிட்டது. பிறகு நூற்றொன்பதைப் புரட்டினாள். நாற்பத்து மூன்று. மூன்றடி ஏழு, அவள் அறை ஜன்னல். முந்நூற்றுப் பத்துக்கு டேப் போதவில்லை, மூன்று துண்டாக வைத்து எண்ணினாள். பத்தடி இரண்டு. அவள் கட்டிலை இரண்டு தரம் திருப்பிப் போட்டுப் பார்த்த சுவர்.

அறையில் மெஷின் ஒன்றும் ஓடவில்லை. தலையைத் தூக்கினாள். மூவரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“யாரு குடுத்த ஆர்டர் இது?”

“உங்க தம்பி பொண்டாட்டிதான்” என்றாள் முதலாளியம்மா. “சொல்ல வேண்டாம்னாங்க. குடும்ப விஷயம், நான் எப்படி நடுவுல வர்றது?”

“அப்ப மூணு வாரமா உங்களுக்கெல்லாம் தெரியும்.”

பட்டனால் அடக்க முடியவில்லை. “பந்தயம் கட்டினோம்க்கா. நான் மூணாம் நாளே கண்டுபிடிச்சிருவீங்கன்னேன். கண்ணாடி கடைசிவரைக்கும் தெரியாதுன்னா.”

“நான் எதுவும் கட்டல” என்றாள் முதலாளியம்மா.

“நீங்கதானேம்மா ரெண்டாவது வாரம்னு சொன்னது?”

ஆளுக்கு ஒரு டீதான் பந்தயம். யாரும் ஜெயிக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றாள். தம்பி டிவி ரிமோட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டிருந்தான். தம்பி மனைவி வயிற்றின் மேல் ஒரு தட்டை வைத்துப் பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“நான் எங்கடா படுக்கப் போறேன்?”

“அக்கா, சொல்லணும்னுதான் இருந்தேன்…”

“எங்கன்னு கேட்டேன்.”

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“மாடிப்படிக்குக் கீழ அண்ணி. அஞ்சடி பத்து இன்ச் இருக்கு. நீங்க அஞ்சடி ஒண்ணரை. தாராளமா காலை நீட்டலாம்.”

“என் உயரம் உனக்கு யார் சொன்னா?”

“யாரும் சொல்லல. அளந்தோம். உங்களை மாதிரி கண்ணுல பார்த்துச் சொல்ற திறமை எனக்கு ஏது? போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் நீங்க அசந்து தூங்கிட்டு இருந்தீங்க. தலை பக்கம் உங்க தம்பி டேப் புடிச்சுக்கிட்டார், கால் பக்கம் நான் புடிச்சேன்.”

டேப்பக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் ரிமோட்டின் பின்பக்க மூடியைத் திறந்து பேட்டரியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எங்கிட்டயே ஏன் தைக்கக் குடுத்த? ஊர்ல வேற கடை இல்லையா?”

“உங்களை விட நல்லா யாரு தைப்பா?” என்றாள் தம்பி மனைவி. நக்கலே இல்லாத குரல். “அதோட, வாயால சொன்னா மனசு கஷ்டப்படுவீங்க. அளவா சொன்னா உங்களுக்குச் சுலபமா புரியும்னு நெனச்சேன். இவ்ளோ நாள் ஆகும்னு நெனைக்கல.”

ஒரு துண்டுப் பழத்தை வாயில் போட்டுக்கொண்டு முடித்தாள்: “மெஷினை வராந்தாவுல போட்டுக்கலாம். குழந்தை தூங்குற இடத்துல சத்தம் ஆகாது.”

மறுநாள் டேப்பக்கா வேலைக்கு வர மாட்டாள் என்று நினைத்தார்கள். கதவு திறப்பதற்கு முன்பே படியில் உட்கார்ந்திருந்தாள். கூட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மத்தியானம்வரை வாய் திறக்காமல் முறுக்கித் தைத்தாள். முட்டைகள் மூன்றும் ஒரே அளவு. தாய்க் குருவியின் கழுத்து கூட்டுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு வளைவு. பஞ்சைத் திணித்து, குண்டூசி எண்ணி, வாயை மூடி மேசையில் வைத்தாள்.

முதலாளியம்மா மெதுவாக மேசை டிராயரைத் திறந்து காந்தக் கட்டையை எடுத்தாள். கண்ணாடியும் பட்டனும் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்கள். காந்தம் தாய்க் குருவியின் வயிற்றில் ஓடியது, முட்டைகள் மேல் ஓடியது, கூட்டைச் சுற்றி ஓடியது. ஒன்றும் ஒட்டவில்லை.

“தப்பா நெனைக்காத. கைக்குழந்தை சமாச்சாரம்.”

“அடிப்பக்கம் ஓட்டலையே” என்றாள் டேப்பக்கா. “அங்கேயும் ஓட்டிடுங்க.”

ஓட்டினாள். தட்டில் இருபது குண்டூசியும் இருந்தன. டேப்பக்காவுக்குத் துரோகம் செய்யத் தெரியாது என்பதில்லை. துணியில் செய்யத் தெரியாது, அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளே ஸ்டூலில் ஏறி எல்லாவற்றையும் மாட்டினாள். தம்பி ஆணியை எடுத்துக் கொடுத்தான். தோரணம் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை இழுத்துப் பிடித்த மாதிரி நின்றது. கூடு சந்துக்குள் போய் உட்கார்ந்தது. பக்கத்தில் நூல்கூட நுழையாது. வராந்தாவுக்குப் போன மெஷின் மேசையைப் பிறகு இரும்புக் கடைக்குப் போட்டுவிடலாம் என்று தம்பி மனைவி கதவருகில் நின்று சொன்னாள்.

மாடிப்படிக்குக் கீழே படுத்தால் முகத்துக்கு நேரே படியின் சரிவு இறங்கும். உட்காரும்போது ஞாபகமாகத் தலையைச் சாய்க்க வேண்டும். முதல் வாரம் நான்கு தடவை இடித்துக்கொண்டாள். அவளுடைய கண்ணளவு தவறியது அங்கே மட்டும்தான்.

குழந்தை பிறந்தது, பெண். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நான்காம் நாள் வீடு நிறைய உறவுக்காரர்கள். எல்லோரும் அந்த அறைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

“எவ்வளவு அழகா இருக்கு. யாரு தச்சது?” என்று கேட்டாள் தம்பியின் மாமியார்.

“கடையில ஆர்டர் குடுத்தோம்மா” என்றாள் தம்பி மனைவி.

டேப்பக்கா டீத் தட்டைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றாள். தம்பி கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வந்தவர்களில் ஒரு சித்தப்பாவுக்குப் பழைய வேடிக்கை ஞாபகம் வந்தது. “அட, நம்ம டேப்பக்கா இங்கதானே இருக்கு. குழந்தை எத்தனை இன்ச்சுன்னு சொல்லு பார்ப்போம். ஆஸ்பத்திரி கார்டு எடுங்கப்பா, சரி பார்த்துடலாம்.”

தட்டை யாரோ வாங்கிக்கொண்டார்கள். குழந்தையைத் தம்பியின் மாமியார் ஏந்திக் காட்டினாள். டேப்பக்கா பார்த்தாள்.

“நீளம் பத்தொம்பதே முக்கால்.”

சித்தப்பா கார்டைப் பார்த்து விரல் விட்டு எண்ணினார். “ஐம்பது சென்டிமீட்டர். சரிதாம்மா.”

“நெஞ்சு பதிமூணு.”

“அதுவும் சரி.”

எல்லோரும் கை தட்டினார்கள். தம்பி மனைவிகூடச் சிரித்தாள்.

“தலை?”

பதின்மூன்றே முக்கால் என்று கண் சொன்னது. கண் எப்போதும் போல உண்மையைத்தான் சொன்னது. டேப்பக்கா தம்பி மனைவியைத் திரும்பிப் பார்த்தாள்.

“பன்னண்டரை.”

சித்தப்பா கணக்குப் போடாமலே கை தட்டினார். மற்றவர்களுக்கு அது ஒரு எண். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் பல வருடம் தலையளவுப் பத்தியை நிரப்பியவளுக்கு அப்படியல்ல. எவ்வளவு சிறிய எண்ணுக்குப் பக்கத்தில் டாக்டர்கள் சிவப்பு மையில் கோடு போடுவார்கள், அந்தக் குழந்தைகள் பிறகு எந்த வார்டுக்குப் போகும் என்று அவளுக்குத் தெரியும். சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோனது.

“கார்டுல முப்பத்தஞ்சு போட்டிருக்கே அண்ணி.”

“அப்படியா போட்டிருக்கு?” என்றாள் டேப்பக்கா. “அப்ப சரியாத்தான் இருக்கும். எழுதறவங்க பார்த்துத்தானே எழுதியிருப்பாங்க.”

தட்டை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

பார்த்துத்தான் எழுதுவார்களா? கூட்டம் அதிகமான நாட்களில், காலியாக விட்ட கட்டங்களில், மேல் வரியின் எண்ணையே இறக்கி எழுதியவள் தம்பி மனைவி. முப்பத்தைந்து. எல்லோரும் எழுதுகிற எண் அது. அவளும் எத்தனையோ முறை எழுதியிருக்கிறாள்.

அன்று மாலையே டேப் எடுத்து அளந்தாள். முப்பத்தைந்து காட்டியது. மறுநாள் காலையும் முப்பத்தைந்து. மூன்றாம் நாள் குழந்தை அழ அழ ஐந்து தடவை அளந்தாள். தம்பி சத்தம் போட்டான். “டாக்டர்கிட்ட போய்க் கேட்டுட்டு வா, சனியன் விட்டுது.” போனார்கள். டாக்டர் டேப்பை எடுக்கவேயில்லை. “பார்த்தாலே தெரியுதே, நல்லாத்தான் இருக்கு” என்று அனுப்பிவிட்டார். பார்த்துச் சொல்வதுதான் என்றால், டேப்பக்காவை விடப் பார்த்துச் சொல்ல ஊரில் யார் இருக்கிறார்கள்? தம்பி மனைவிக்குப் பால் குறைந்தது. சாப்பாடு இறங்கவில்லை. குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு அதன் தலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேலே முப்பத்தொரு குருவிகள் தொங்கின.

பன்னிரண்டாம் நாள் காலை, குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே குனிந்து நின்றாள்.

“அண்ணி, இன்னொரு தடவை பார்த்துச் சொல்றீங்களா?”

டேப்பக்கா பாயில் உட்கார்ந்தபடியே துணி மடித்துக்கொண்டிருந்தாள். “உங்கிட்ட டேப் இருக்கே.”

“எனக்கு நம்பிக்கை வரல.”

“எந்த டேப்? என்னை அளந்தீங்களே, அதுவா? அது ஒரு நாள் வாளித் தண்ணியில ஊறிக் கெடந்துது. சுருங்கின டேப் எப்பவும் கூடத்தான் காட்டும்.”

தம்பி மனைவி குழந்தையின் தலையைக் கையால் மூடிக்கொண்டாள். அழுகை முட்டிக்கொண்டு நின்றது. இந்த ஆறு வருடத்தில் டேப்பக்கா அதைப் பார்த்ததில்லை. பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். பதின்மூன்றே முக்கால் என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் முடிந்தது.

“இங்க வெளிச்சம் பத்தல” என்றாள். “குனிஞ்சு பார்த்தா கண்ணு பிசகிடும். பச்சைப் புள்ள தலை நாளுக்கு நாள் மாறும். தினம் காலையில, ஒரே இடத்துல, ஒரே வெளிச்சத்துல வச்சுப் பார்த்தாத்தான் தெரியும். கிழக்கு ஜன்னல் இருந்தா நல்லது.”

தம்பி மனைவி தலையாட்டினாள்.

“கெட்டியா ஒரு மேசையும் வேணும். என் மெஷின் மேசை சரியா இருக்கும். வராந்தாவுலதான் கெடக்கு, அவனைத் தூக்கிட்டு வரச் சொல்லு.”

“அதை எங்க அண்ணி போடறது?”

டேப்பக்கா தலையைச் சாய்த்து, இடிக்காமல், படிக்குக் கீழேயிருந்து வெளியே வந்து நிமிர்ந்து நின்றாள். டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

“இருபத்திரண்டு இன்ச்சுல ஒரு சந்து இருக்கு பாரு, அங்கதான். அந்தக் கூட்டை மட்டும் கழட்டிடு.”